பந்திப் படத்தைப் பார்த்தவர்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த ஸ்டூடியோவில் நான் ஆறு வருஷம் வேலை செய்தேன். படம் எடுப்பது முதலாளியின் வேலை. எடுத்த படத்தைக் கொம்பியூட்டரில் திருத்துவதும், அச்சடிப்பதும், வருகிற சனத்தோடு வாய் காட்டுவதும் என்னுடைய வேலை. கடைசி வேலையில் உன்னைக் குறை சொல்ல ஏலாது என்று முதலாளியே சொல்லுவார். அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். என் அப்பாவின் வயது அவருக்கு. ஆனால் அங்கிள் என்று ஒரு நாள் கூப்பிட்டுவிட்டு அன்று முழுக்க அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தது.

அது யுத்தம் நடந்த காலம். யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டிக் கிடந்தது. கலியாணங்கள் எல்லாம் கொழும்பில்தான் நடந்தன. மாப்பிள்ளை கனடாவிலிருந்து இறங்குவார், பெண் கப்பலிலோ பிளேனிலோ வந்து சேருவாள், மிச்சச் சொந்தம் முழுவதும் லண்டன், பாரிஸ், சுவிஸ் என்று சிதறிக் கிடக்கும். வர முடியாதவர்கள் படம் கேட்டுத் தொலைபேசியில் அரிப்பார்கள். அந்த அரிப்புத் தாங்காமல் ஸ்டூடியோவுக்கு ஒரு இணையத்தளம் செய்து கொடுத்தேன். செய்தேன் என்று பெருமையாகச் சொல்கிறேன். உண்மையில் மூன்று மாத வகுப்பில் படித்ததை வைத்து ஒப்பேற்றினேன். ஒவ்வொரு கலியாணத்துக்கும் ஒரு அல்பம், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம்.

எந்தப் பக்கத்தை எத்தனை தரம், எந்த நாட்டிலிருந்து, எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று காட்டும் பதிவு ஒன்று அந்தத் தளத்தோடு வந்தது. காலையில் கடையைத் திறந்து, பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் அதைத்தான் பார்ப்பேன். கலியாணம் முடிந்த முதல் கிழமை எல்லோரும் விழுந்து விழுந்து பார்ப்பார்கள். ஒரு மாதம் போனால் ஒரு குருவியும் எட்டிப் பார்க்காது.

ஒரு காலை அந்தப் பதிவில் ஒரு விசித்திரத்தைக் கண்டேன். எட்டு மாதத்துக்கு முன்னர் கொட்டாஞ்சேனை மண்டபம் ஒன்றில் நடந்த கலியாணம். அந்த அல்பத்தில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் முதல் நாள் நாற்பது தரத்துக்கு மேல் திறந்திருந்தார்கள். அடுத்த நாள் அதைவிடக் கூட. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். தாலி கட்டும் படம் இல்லை, பெண்ணும் மாப்பிள்ளையும் இல்லை. அது பந்திப் படம். சனம் இலையில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் படம். பார்த்தது வெளிநாட்டிலிருந்தும் இல்லை. இலங்கையிலிருந்து, பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து.

நான் பெரிய பகிடியைக் கண்டுபிடித்தவள் மாதிரி அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருடைய முகம் வெளுத்துவிட்டது.

“உதைத் தளத்தில இருந்து எடு. இப்பவே எடு.”

“ஏன் அண்ணை? ஆரோ பாக்கினம். பாக்கத்தானே போட்டனாங்கள்.”

“விசரே உனக்கு? ஒரு படத்தை ஒரு நாளைக்கு நாப்பது தரம் ஆர் பாப்பாங்கள்? அவங்கள்தான். இந்தப் படத்தில ஆரையோ தேடுறாங்கள்.”

அவங்கள் என்றால் அரசாங்கத்து உளவுக்காரர், அதை நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழ்ச் சனத்தை விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி வடக்கே அனுப்பிய வருஷம் அது. பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் பாண் வாங்கக்கூட இறங்க மாட்டோம். ஆட்களைக் கடத்திக்கொண்டு போவது வெள்ளை வானில்தான், ஒன்றைக் கண்டால் அது பேக்கரி வான் என்று தெரியும்வரைக்கும் மூச்சு வராது. அண்ணை பயந்ததை நான் இன்றைக்கும் பிழை சொல்ல மாட்டேன்.

இரண்டு பேரும் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வைத்து ஒவ்வொரு முகமாகச் சந்தேகப்பட்டோம். நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. புதுக்கடை நீதிமன்றத்தில் வேலை பார்க்கும் சட்டத்தரணி ஒருவர் இருந்தார். அவர்தான் என்றார் அண்ணை, எல்லா வழக்கிலும் தலையைப் போடுவார் என்று. பெண்ணின் மாமன் ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மண்டபத்துக்குள் எதற்குக் கறுப்புக் கண்ணாடி, அவராகத்தான் இருக்கும் என்றேன் நான். இருந்து சாப்பிட்ட பதினாறு பேரையும் ஆராய்ந்து முடித்தோம். இலைகளுக்கு நடுவில் பாயாச வாளியோடு நின்று, கமராவைப் பார்த்துச் சிரித்த பெடியனை இரண்டு பேரும் பார்க்கவேயில்லை. பரிமாறுகிறவனை யார் பார்ப்பது?

இரண்டு கிழமை தவணை கேட்டேன். யார் என்று கண்டுபிடிக்கிறேன், பிறகு எடுக்கிறேன் என்றேன். எனக்கு ஒன்றைத் தெரியாமல் விடுகிற குணம் சின்ன வயதிலிருந்தே இல்லை. அது நல்ல குணம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பதிவைக் கொப்பியில் எழுதிவைத்துப் பார்த்தேன். காலை பத்து மணிக்குத் தொடங்கும், மத்தியானம் ஒரு மணிக்குள் முடியும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பன்னிரண்டுக்குக் கால்மணி முன்னரே நின்றுவிடும். வெள்ளி பன்னிரண்டுக்குக் கதவு பூட்டுகிறது என்றால் அது ஜும்மாவுக்குப் போகிற முஸ்லிம் ஆளின் கடை. இதை அண்ணைக்குச் சொன்னேன்.

“அவங்கள் வெள்ளிக்கிழமையில தொழப் போவாங்களோ அண்ணை?”

“போறவங்களும் இருப்பாங்கள்” என்றார், சிரிக்காமல்.

இன்னொன்றும் அகப்பட்டது. ஒரு நாள் பதினொரு மணியோடு பதிவு வெறுமையாக இருந்தது. நான் குடியிருந்தது கொட்டாஞ்சேனையில். அன்று எங்கள் பக்கம் முழுவதும் பதினொரு மணிக்குப் போன கரண்ட் பொழுதுபடத்தான் வந்தது. பிரிட்ஜில் இருந்த மீனை வெளியில் கொட்டியது நான்தான். ஆகவே கொட்டாஞ்சேனை. கொட்டாஞ்சேனையில் ஒரு முஸ்லிம் ஆள் நடத்தும் கொமியூனிக்கேஷன் கடை. தொலைபேசி எடுக்கவும், போட்டோக்கொப்பி அடிக்கவும், இன்டர்நெட் பார்க்கவும் சனம் போகிற அந்தக் கடைகள் தெருவுக்கு இரண்டு இருந்தன.

சனிக்கிழமை வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கி ஒவ்வொரு கடையாக ஏறினேன். கால் மணித்தியாலத்துக்குக் காசைக் கட்டி, எங்கள் தளத்தின் முதல் இரண்டு எழுத்தை மட்டும் அடிப்பேன். அந்தக் கொம்பியூட்டரில் முன்பு யாராவது அந்தப் பக்கத்துக்குப் போயிருந்தால் மிச்ச முகவரி தானாகவே கீழே விழும். முதல் கடையில் விழவில்லை. இரண்டாவதில், கட்டையாக வெட்டியிருந்த என் தலைமயிரைப் பார்த்தே இயக்கத்துப் பெட்டையோ என்று கடைக்காரன் சந்தேகப்பட்டான். மூன்றாவது கடையில், மூலையில் இருந்த கொம்பியூட்டரில், இரண்டு எழுத்து அடித்ததும் முழு முகவரியும் பக்க இலக்கத்தோடு விழுந்தது. அண்ணை சொன்னதுதான் சரியென்றால் நான் இப்போது யாருடைய கதிரையில் இருக்கிறேன்?

கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், தொப்பி போட்டிருந்தார். முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் நானா என்போம், அப்படிக் கூப்பிட்டுத் துணிந்து கேட்டேன்.

“நானா, இந்தப் படத்தை ஆர் இங்க பாக்கிறது?”

அவர் எழும்பி வந்து திரையைப் பார்த்தார். “அது ஒரு தமிழ் அம்மா தங்கச்சி. டெய்லி பத்து மணிக்கு வாறாங்க. அந்தப் படத்தத் தொறந்து குடுத்தா பாத்துக்கிட்டே இருப்பாங்க. நமக்கும் மனசு கேக்குதில்ல, ஒண்டும் சொல்றல்ல. ஏன், நீங்க சொந்தமா?”

திங்கட்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பத்து மணிக்கு அங்கே இருந்தேன். அவர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இராது, ஆனால் நடை எழுபது. கையில் ஒரு நைலோன் பை, அதற்குள் படிவங்கள். நானா பக்கத்தைத் திறந்து கொடுத்தார். அந்தக் காலத்து இன்டர்நெட் தெரியுந்தானே, படம் ஒரேயடியாக வராது. மேலிருந்து கீழே, கோடு கோடாகத்தான் இறங்கும். முதலில் மண்டபத்து மின்விசிறி, பிறகு சோடனை, பிறகு அந்தப் பெடியனின் தலைமயிர், நெற்றி, கண், சிரிப்பு. முழுப் படமும் வந்து சேர்ந்ததும் அந்த அம்மா ஒரு விரலால் விசைப்பலகையின் மேல்வரிசையில் இருந்த பொத்தான் ஒன்றை அமத்தினார். படம் அழிந்தது. திரும்பவும் மின்விசிறியிலிருந்து தொடங்கியது.

“ஏனம்மா திருப்பித் திருப்பி அதை அமத்துறீங்கள்?” என்று கேட்டேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இதை அமத்தினா வாறான் பிள்ளை. ஒவ்வொரு முறையும் வாறான்” என்றார்.

உளவுக்காரர் என்று நாங்கள் பயந்த அந்த நாற்பது தரமும் இதுதான். எனக்கு அழுகை வந்தது. நான் பொதுவாக அழுகிறவள் இல்லை.

பிறகு அவரே சொன்னார். மன்னார்ப் பக்கம் ஊர். மகன் கொழும்பில் கலியாணவீடுகளுக்குச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கும் கொன்ராக்காரர் ஒருவரிடம் பரிமாறுகிற வேலை. இருபத்துமூன்று வயது. மூன்று மாதத்துக்கு முன்னர் வேலைக்குப் போனவன் அறைக்குத் திரும்பவில்லை. அவர் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் ஒண்டிக்கொண்டு, பின்னேரங்களில் பொலிஸ், கந்தோர் என்று ஒவ்வொரு படியாக ஏறி இறங்கினார். எல்லாப் படிவத்திலும் படம் ஒட்ட ஒரு கட்டம் இருந்தது. ஒட்டப் படம் இல்லை. அடையாள அட்டை அவனோடு போய்விட்டது. வீட்டு அல்பம் இடம்பெயர்ந்தபோது போய்விட்டது. கூட வேலை செய்தவன் ஒருவன்தான், நாங்கள் பரிமாறின கலியாணப் படம் இன்டர்நெட்டில் கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறான். நானா அதை ஒருமுறை அச்சடித்தும் பார்த்திருக்கிறார். முகம் கடலை அளவில் கறுப்பாக விழுந்ததாம்.

“நான் அந்த ஸ்டூடியோதான் அம்மா. பெரிய படம் எங்களிட்டை இருக்கு. வெட்டி, வடிவா அடிச்சுத் தாறன். ஒட்டுறதுக்குச் சின்னதும் தாறன்.”

அவர் முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவன்ர முகம் மட்டும் போதும் பிள்ளை” என்றார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அந்த வேலையில் இருந்தேன். மூலப்படத்தில் அவன் முகம் துல்லியமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர்களை வெட்டினேன். வாளியை எடுத்தேன். பின்னாலிருந்த சோடனையை அழித்து, மெல்லிய நீலம் போட்டு, தலையைச் சுற்றி வெளிச்சம் கொடுத்தேன். வேர்வையைத் துடைத்தேன். திறந்துகிடந்த சேர்ட்டை மறைத்து, கொம்பியூட்டரில் இருந்த கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டேன். ஓரத்தில் ஒரு வெள்ளைக் கரை விட்டுப் பெரிய அளவில் அச்சடித்தேன். கையே எல்லாவற்றையும் செய்தது, ஒன்றையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கூடவே அதே முகத்தில் ஆறு சின்னப் படம். இவ்வளவு நல்ல வேலை நான் செய்ததில்லை என்று நினைத்தேன். இனி அந்த அம்மா கடைக்கு வந்து திரையைப் பார்க்கத் தேவையில்லை, அண்ணையும் பயப்படத் தேவையில்லை என்று, வீட்டுக்குப் போக முன்னர் அந்தப் பக்கத்தையும் தளத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

புதன்கிழமை காலை நானாவின் கடைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரப் பெடியன் படங்கள் இருந்த கவரைத் திறந்து பார்த்தான். “மே கவுத?” இது யார் என்று கேட்டான். மல்லி என்றேன், என் தம்பி என்று. அவன் உடனே படத்தை உள்ளே வைத்து, “அனே, பவ்” என்று மெதுவாகச் சொல்லித் திருப்பித் தந்தான். ஐயோ பாவம் என்கிறான். எதற்குப் பாவம் என்று விளங்காமல், நல்ல பெடியன் என்று மட்டும் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

அந்த அம்மா எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பெரிய படத்தை முதலில் எடுத்து மேசையில் வைத்தேன். அவர் பார்த்தார். தொடவில்லை. அவருடைய உதடு மட்டும் அசைந்தது.

“எப்ப?” என்றார்.

“நேற்றுப் பின்னேரம் அம்மா” என்றேன். எப்போது செய்து முடித்தாய் என்று கேட்கிறார் என்று நினைத்தேன். பெருமையோடுதான் சொன்னேன்.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த நானா, “இன்னாலில்லாஹி” என்றார். மரணச் செய்தி கேட்டால் அவர்கள் சொல்லும் வார்த்தை அது. அப்போதுதான் நான் திரும்பி என் படத்தை நானே பார்த்தேன்.

எங்கள் ஸ்டூடியோவில் ஒருவரைக் கூட்டத்திலிருந்து தனியாக வெட்டியெடுப்பது எப்போது? அவர் செத்த பிறகு. உயிரோடு இருப்பவர் தானே வந்து கதிரையில் இருப்பார். நினைவு அட்டைக்கும் முப்பத்தோராம் நாள் கல்வெட்டுப் புத்தகத்துக்கும் சனம் பழைய கலியாணப் படத்தைக் கொண்டுவந்து, இவரை மட்டும் எடுத்துத் தாருங்கள் என்று தருவார்கள். நீலம் போட்டு, வெளிச்சம் போட்டு, கோட்டுப் போட்டுக் கொடுப்போம். ஆறு வருஷமாக என் கை பழகியது அந்த ஒரு வேலையைத்தான். அதே கைதான் அவனுக்கும் செய்திருக்கிறது. கொழும்பில் அதை அறியாத வீடு இல்லை. அந்த ஆமிக்காரனுக்குக்கூட விளங்கியிருக்கிறது. எனக்குத்தான் விளங்கவில்லை.

“இல்லையம்மா! ஐயோ, அப்பிடி இல்லை. படம் செய்து முடிச்சது நேற்று எண்டு சொன்னனான். அவரைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. சத்தியமாத் தெரியாது.”

“ஓம் பிள்ளை, விளங்குது” என்றார் அவர். என் முதுகைத் தடவிவிட்டார். அந்த நாட்களில் செய்தி கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஒரு சொல்லை விட்டுவிட்டுப் பின்வாங்குவார்கள். நான் சொல்லச் சொல்ல அது அவருக்கு இன்னும் உறுதியாகிக்கொண்டு போனது. என் அழுகை வேறு அதற்குச் சாட்சி சொன்னது.

பிறகு நானாவிடம் திரும்பி, “தம்பி, அந்தப் படத்தை ஒருக்கா விடுங்கோ. சிரிச்சுக்கொண்டு நிக்கிறதை ஒருக்காப் பாப்பம்” என்றார். நானா முகவரியைத் தட்டினார். வெள்ளைத் திரையில் அந்தப் பக்கம் இல்லை என்று ஒரு வரி வந்தது. திரும்பவும் தட்டினார். திரும்பவும் அதே வரி.

“அதையும் எடுத்திட்டினமோ” என்றார் அந்த அம்மா. நான்தான் எடுத்தேன் என்று சொன்னேன், ஏன் எடுத்தேன் என்றும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. பெரிய படத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினார். படிவத்தில் ஒட்டுவதற்கான ஆறு சின்னப் படங்களும் மேசையிலேயே கிடந்தன. நான் அவற்றைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் ஓடினேன். “இனி என்னத்துக்குப் பிள்ளை” என்றார்.

அன்றைக்கே பந்திப் பக்கத்தைத் திரும்பப் போட்டேன். அண்ணைக்குச் சொல்லாமல் போட்டேன், கேட்டால் சண்டை பிடிப்பது என்ற முடிவோடு. அடுத்த நாள் காலை பதிவைப் பார்த்தேன். அந்தப் பக்கத்துக்கு எதிரில் பூச்சியம். மறுநாளும் பூச்சியம். முன்பு அந்த எண்ணைக் கண்டு பயந்தோம். இப்போது அது ஒன்றாகவாவது மாறாதா என்று பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் பார்த்தேன். நானாவிடம் போய்க் கேட்டேன். ஒண்டியிருந்த வீட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு மன்னார் பஸ் ஏறிவிட்டாராம். முகவரி யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அவருடைய பெயர்கூடத் தெரியாது. அம்மா என்று கூப்பிட்டால் போதும் என்று இருந்துவிட்டேன்.

மூன்று கிழமை கழித்து ஸ்டூடியோவுக்கு ஒருவர் வந்தார். அந்த அம்மாவின் தம்பி. மற்ற வேலையாகக் கொழும்புக்கு வந்தவரிடம் அக்கா ஒரு தாள் கொடுத்துவிட்டிருந்தார். முப்பத்தோராம் நாள் நினைவு அட்டை, ஐம்பது பிரதி. படம் ஸ்டூடியோவில் வேலை செய்கிற பிள்ளையிடம் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்.

நான் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். “இது பிழை ஐயா. அவர் செத்தது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நான் செய்த படத்தைப் பாத்து அவ அப்பிடி நினைச்சிட்டா. போய்ச் சொல்லுங்கோ, திரும்பத் தேடச் சொல்லுங்கோ.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தங்கச்சி, மூண்டு மாசமா அவ ஒழுங்கா ஒரு பிடி சோறு திண்டதில்லை. கதவைப் பூட்ட விடமாட்டா, பெடியன் வந்தா எண்டு. எட்டாம் நாள் படைச்சு எட்டுச் செலவு முடிஞ்ச பிறகுதான் படுத்து நித்திரை கொள்ளுறா. இப்ப நான் போய் என்னத்தைச் சொல்ல? விட்டிடுங்கோ.”

அவர் நீட்டிய தாளை வாங்கிக்கொண்டேன். அண்ணை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவர், அட்டையை நான் அடிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நான்தான் அடிக்க வேண்டும் என்றேன்.

தாளில் எழுத்து உருண்டையாக, கவனமாக இருந்தது. மேலே அவனுடைய பெயர். அதற்குக் கீழே தோற்றம் என்று போட்டுப் பிறந்த திகதி. பக்கத்தில் மறைவு. அதற்கு எதிரில் ஒரு செவ்வாய்க்கிழமையின் திகதி இருந்தது. நேற்றுப் பின்னேரம் என்று நான் சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமை. நான் அவனுக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்த பின்னேரம்.

அதை அப்படியே அடித்து, எழுத்துப்பிழை பார்த்து, ஐம்பது பிரதி எடுத்துக் கட்டிக் கொடுத்தேன். அந்தப் பின்னேரம் அவன் எங்கே இருந்தான், உயிரோடு இருந்தானா என்று எனக்குத் தெரியாது. அவனைத் தேடிக்கொண்டிருந்தது அந்த அம்மா ஒருவர்தான். அதற்குப் பிறகு யாரும் தேடவில்லை.